வேம்பு போலவே இருக்கிறது, ஆனால் வேம்புதானா? வீட்டின் பின்புறம் தானாக முளைத்த மரம்

வேலியோரம்:

வீட்டின் பின்புறம், சுற்றுச்சுவரிலிருந்து எட்டடி தள்ளி ஒரு மரம் நிற்கிறது. யாரும் நட்டதில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரே இடத்தில் மூன்று கன்றுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு முளைத்தன. இரண்டைப் பிடுங்கிவிட்டு ஒன்றை மட்டும் விட்டுவைத்தேன். அது இன்று மாடி ஜன்னலைத் தாண்டிவிட்டது.

பார்க்கிறவர்கள் எல்லோரும் வேப்பமரம் என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. வேம்பு இத்தனை வேகத்தில் வளர்ந்து நான் பார்த்ததில்லை. இலையைக் கசக்கினால் ஒரு பச்சை நெடி வருகிறது. வேப்பிலையின் வாசனை அது இல்லை. இதுவரை பூத்ததும் இல்லை, காய்த்ததும் இல்லை.

செல்பேசிச் செயலியிடம் மூன்று முறை படம் காட்டினேன், மூன்று பெயர் சொன்னது. முழு மரத்தின் படம் ஒன்று, கையில் பிடித்த இலையின் படம் ஒன்று என இரண்டு இணைத்திருக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மரத்தை விடுவதா எடுப்பதா என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

நிழல்தேடி:

இதில் சந்தேகத்துக்கே இடமில்லை, வேம்புதான். இலை விளிம்பில் ரம்பப் பல் தெரிகிறதே. நல்ல மண்ணும் தண்ணீரும் கிடைத்தால் எந்த மரமும் விரைந்து வளரும். வாசனை குறைவாக இருப்பது இளமரம் என்பதால் இருக்கலாம். தானாக வந்த வேம்பை எடுக்காதீர்கள் ஐயா.

அகக்காழ்:

வேலியோரம் அவர்களே, முதல் படத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. தூரத்துப் பச்சை எல்லா மரத்துக்கும் ஒன்றுதான். இரண்டாவது படத்தில் நீங்கள் கையில் பிடித்திருப்பது இலையே இல்லை, இலையின் ஒரு துண்டு என்று நினைக்கிறேன். அதை முதலில் தீர்த்துக்கொள்வோம்.

மரத்தருகே போய் ஒரு சிறு கிளையைத் தாழ்த்திப் பிடியுங்கள். பச்சைக் காம்பு எங்கே கிளையோடு சேர்கிறதோ, அந்த மூலையை உற்றுப் பாருங்கள். அங்கே ஊசிமுனை அளவிலாவது ஒரு மொட்டு இருக்கும். கோணமொட்டு என்பார்கள். இலை எங்கே தொடங்குகிறது என்பதற்கு அந்த மொட்டுதான் சாட்சி. மொட்டு இருக்கும் இடத்திலிருந்து நுனி வரைக்கும் உள்ள அத்தனையும் சேர்ந்து ஓர் இலை. அதில் வரிசையாக இருக்கும் சின்னச் சின்ன இலைகள் வெறும் சிற்றிலைகள். சிற்றிலையின் அடியில் மொட்டு இருக்காது.

முழு இலையையும் மொட்டிலிருந்து நுனி வரை எடுத்துத் தரையில் விரித்து, பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. காம்பு சேரும் இடம் தனியே ஒன்று. அடிமரப் பட்டை ஒன்று. பால் வடிகிறதா என்றும் சொல்லுங்கள். ஒருவேளை வடிந்தால் கையில் பட விடாதீர்கள்.

வேலியோரம்:

இன்று காலை ஏணி போட்டுப் பார்த்தேன். பால் இல்லை. பத்து நிமிடம் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை, மொட்டு என்று எதையும் காணவில்லை. பிறகுதான் புரிந்தது, நான் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருந்தேன். நான் சிறு கிளை என்று இத்தனை நாள் நினைத்திருந்த பச்சைத் தண்டு கிளையே இல்லை. அதன் அடியில், பழுப்புக் கிளையோடு சேரும் மூலையில், மிளகில் பாதி கூட இல்லாத ஒரு மொட்டு. மெல்லிய பொடி பூசியது போல இருந்தது. அப்படியானால் அந்தத் தண்டும், அதிலிருந்து இருபுறமும் பிரியும் குச்சிகளும், குச்சிகளில் உள்ள சிற்றிலைகளும் எல்லாம் சேர்ந்து ஒரே இலை!

அளந்தேன், 46 செ.மீ. நடுத்தண்டிலிருந்து ஐந்து ஜோடிக் குச்சிகள், நுனியில் ஒற்றைக் குச்சி. ஒவ்வொரு குச்சியிலும் ஐந்து அல்லது ஏழு சிற்றிலைகள். கீழ்க்குச்சி ஒன்றில் மட்டும் ஒரு சிற்றிலை இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருந்தன. கிளையில் இலைகள் எதிரெதிராக இல்லை, மாறி மாறி வருகின்றன. படங்கள் கீழே.

அகக்காழ்:

அருமையாகப் பார்த்திருக்கிறீர்கள். இனி வேம்பு என்ற பேச்சே வேண்டாம்.

வேப்பிலையில் நடுத்தண்டு ஒன்று, அதன் இருபுறமும் சிற்றிலைகள், அவ்வளவுதான். ஒருமடிக் கூட்டிலை. அதன் சிற்றிலை அரிவாள் போல வளைந்திருக்கும். அடிப்பக்கத்தில் நடுநரம்பின் ஒரு பக்கத்து இலைப்பரப்பு மேலேயும் மறு பக்கத்து இலைப்பரப்பு கீழேயும் தொடங்கி, கோணலாக வெட்டியது போல இருக்கும். நுனிச் சிற்றிலை பெரும்பாலும் இருப்பதில்லை. உங்கள் மரத்தில் தண்டு பிரிந்து, பிரிந்தது மறுபடியும் பிரிகிறது. இது இருமடி, சில இடங்களில் மும்மடி. நீங்கள் சொன்ன அந்த மூன்று சிற்றிலைதான் மும்மடியின் தொடக்கம். ஒவ்வொரு குச்சியின் நுனியிலும் ஒரு சிற்றிலை உட்கார்ந்திருக்கிறது.

உங்கள் முதல் பதிவிலேயே இன்னொரு தடயமும் இருந்தது. ஒரே இடத்தில் மூன்று கன்றுகள் என்றீர்கள். வேப்பங்கொட்டைக்குள் பெரும்பாலும் ஒரு விதைதான் இருக்கும். வேம்புக்கு நெருங்கிய உறவான மீலியா என்ற பேரினத்து மரங்களில் ஒரே கொட்டைக்குள் பல அறைகள், அறைக்கு ஒரு விதை. ஒரு கொட்டை மண்ணில் விழுந்தால் இரண்டு மூன்று கன்றுகள் தோளோடு தோள் உரசி எழுவது அதனால்தான். பறவை ஏதாவது பழத்தைத் தின்று கொட்டையை அங்கே போட்டிருக்கும்.

நிழல்தேடி:

ஒரு கேள்வி, மறுப்பதற்காகக் கேட்கவில்லை. சில மரங்களில் கன்றின் இலை ஒரு மாதிரியும் வளர்ந்த மரத்தின் இலை வேறு மாதிரியும் இருக்கும் அல்லவா? இது இளமரம்தானே. பெரியதானதும் வேப்பிலை போல மாறிவிடாதா?

இலைநரம்பு:

நிழல்தேடி அவர்களின் கேள்வி சரியானது. இதே குடும்பத்தில் மதகிரி வேம்பு இருக்கிறது. அதன் கன்றுகளுக்கு இருமடி இலை, வளர்ந்த மரத்துக்கு ஒருமடி இலை. ஆகவே கன்றின் இலையை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது. ஆனால் வேம்பு அப்படிச் செய்வதில்லை, கன்றிலும் அதற்கு இருமடி இலை வருவதில்லை. அதனால் வேம்பு இல்லை என்பது உறுதி.

பெருமரமா என்றும் யோசித்தேன், அதையும் பலர் வேம்பு என்று எண்ணுவதுண்டு. அதன் இலை மிக நீளம், ஆனால் ஒருமடிதான். சந்தன வேம்பும் ஒருமடி. அவை இரண்டும் போக மிஞ்சுவது மலைவேம்பு என்றுதான் எனக்குப் படுகிறது. ஒட்டுப்பலகைக்காகத் தோப்புத் தோப்பாக வளர்க்கிறார்களே, அதேதான். வேகமாக வளர்வதும் பொருந்துகிறது. நல்ல மரம் கிடைத்திருக்கிறது உங்களுக்கு.

மண்புழு:

சுலபமான வழி ஒன்று இருக்கிறது. ஓர் இலையை வாயில் போட்டு மென்று பாருங்கள். வேம்பின் கசப்பு தனிக் கசப்பு. நாக்கை ஏமாற்ற முடியாது.

அகக்காழ்:

மண்புழு அவர்களே, இந்த ஆலோசனையை மட்டும் தயவுசெய்து யாருக்கும் சொல்லாதீர்கள். பெயர் தெரியாத மரத்தின் எந்தப் பாகத்தையும் நாக்கில் வைக்கக் கூடாது. கசப்பு வேம்புக்கு மட்டும் உரியதில்லை, அரளியும் கசக்கும். நாங்கள் மாணவர்களாக இருந்தபோது ஒருவர் காட்டில் கிடந்த கொட்டையை நகத்தால் கீறிப் பார்த்தார். அது சேங்கொட்டை. மறுநாள் விரல்களெல்லாம் கொப்புளம். தின்னக்கூட இல்லை, தொட்டதற்கே அந்தப் பாடு. அதற்கும் மாமரத்துக்கும் குடும்பம் ஒன்றுதான். பழகிய மரத்தின் உறவு என்பதால் பயமில்லை என்று எண்ணிவிடக் கூடாது.

கண், அளவுகோல், கைக்கண்ணாடி, பொறுமை. இவை போதும்.

மண்புழு:

ஏற்றுக்கொள்கிறேன். மேலே எழுதியதை யாரும் செய்ய வேண்டாம்.

அகக்காழ்:

இலைநரம்பு அவர்கள் சொன்ன மலைவேம்பு பற்றி. இங்கேதான் பெயர் நம்மைக் குழப்புகிறது. தமிழில் மலைவேம்பு என்ற ஒரே பெயர் இரண்டு மரங்களுக்கு வழங்குகிறது. ஒன்று மீலியா டூபியா; ஒட்டுப்பலகைக்கு வளர்ப்பது இது. மற்றொன்று மீலியா அசெடராக். இதைத் துலுக்கவேம்பு என்றும் சொல்வார்கள். இரண்டுக்கும் இலை ஏறத்தாழ ஒன்றுபோலத்தான் இருக்கும். இலையை மட்டும் வைத்துப் பிரிக்க நான் துணிய மாட்டேன்.

பெயர்க் குழப்பம் நமக்கு மட்டும் நேர்ந்ததில்லை. தாவரங்களுக்கு இருசொற்பெயர் முறையை நிலைநிறுத்திய லின்னேயஸ் 1753-இல் வேம்பையும் துலுக்கவேம்பையும் ஒரே பேரினத்தில்தான் வைத்தார். ஒன்று மீலியா அசெடராக், மற்றொன்று மீலியா அசாடிராக்டா. இரண்டாம் சொற்கள் இரண்டும் ஆசாத் திரக்த் என்ற ஒரே பாரசீகச் சொல்லிலிருந்து பிறந்தவை. ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் கழித்துத்தான் ஜூசியூ என்ற பிரெஞ்சு அறிஞர் வேம்பைத் தனிப் பேரினமாகப் பிரித்து அசாடிராக்டா இண்டிகா ஆக்கினார். ஆகவே வேலியோரம் அவர்களின் வீட்டுக்கு வந்தவர்கள் வேம்பு என்று சொன்னதில் வியப்பில்லை.

பூக்கும் வரை காத்திருங்கள். பூவில் விடை கிடைத்துவிடும்.

வேலியோரம்:

காத்திருக்கிறேன். செயலி சொன்ன மூன்று பெயர்களில் வேம்பும் இருந்தது, மலைவேம்பும் இருந்தது. அப்படியானால் அதை நம்பவே கூடாதா?

இலைநரம்பு:

நம்பலாம், எங்கே தேட வேண்டும் என்று காட்டும் அளவுக்கு. நீங்கள் துண்டு இலையைக் காட்டினீர்கள், அது துண்டு இலைக்கு ஒத்த மரங்களைக் காட்டியது. இப்போது முழு இலையின் படத்தைக் கொடுத்துப் பாருங்கள், பட்டியல் சுருங்கும். அது சொல்லும் பெயரை எடுத்துக்கொண்டு, அந்த மரத்தின் இலை, பூ, காய் எப்படி இருக்கும் என்று தேடிப் படித்து, உங்கள் மரத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். ஒன்று பொருந்தாவிட்டாலும் பெயரைத் தூக்கிப் போடுங்கள். அந்த ஒப்பிடும் வேலையைச் செயலி செய்யாது.

வேலியோரம் (மூன்று மாதங்களுக்குப் பிறகு):

மரம் முழுவதும் இலை கொட்டிவிட்டது. ஒன்றுகூட இல்லை. பட்டுவிட்டதோ என்று பயந்து நகத்தால் பட்டையைக் கீறினேன். உள்ளே பச்சை இருக்கிறது. இலை விழுந்த இடங்களில் பெரிய பெரிய வடுக்கள், மூன்று மடல் கொண்டவை, ஒவ்வொரு மடலிலும் ஒரு புள்ளிக்கூட்டம். தூரத்திலிருந்து பார்த்தால் சின்ன முகம் போலத் தெரிகிறது. கிளையெங்கும் வெள்ளைப் புள்ளிகள்.

அகக்காழ்:

கவலை வேண்டாம், மீலியா இலையுதிர்க்கும். அந்த மூன்று மடல் வடு இந்தப் பேரினத்தின் கையெழுத்து என்றே சொல்லலாம். வெள்ளைப் புள்ளிகள் பட்டைத் துளைகள், மரம் மூச்சு விடும் வாசல்கள். மொட்டை மரத்தில் பார்க்க எதுவும் இல்லை என்று பலரும் திரும்பிப் போய்விடுகிறார்கள். நீங்கள் வடுவைப் பார்த்திருக்கிறீர்கள். எனக்கு மிகவும் மகிழ்ச்சி.

வேலியோரம் (ஐந்து வாரங்களுக்குப் பிறகு):

பூத்துவிட்டது! துளிரோடு சேர்ந்தே கொத்துக் கொத்தாக வந்திருக்கிறது. மாலையில் ஜன்னலைத் திறந்தால் இனிய மணம். ஒரு கொத்தை எடுத்து வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்தேன். ஐந்து இதழ்கள், மெல்லியவை, வெளிர் ஊதா; அடிப்பக்கம் கிட்டத்தட்ட வெள்ளை. நடுவில் ஒரு குழல், கத்தரிப்பூ நிறத்தை விடக் கருத்த ஊதா. குழலின் வாயில் பல் பல்லாக விளிம்பு, உள்ளே மஞ்சள் மகரந்தப் பைகள். ஊசியால் விலக்கி எண்ணினேன். பத்து.

அகக்காழ்:

துலுக்கவேம்பு. மீலியா அசெடராக். மீலியா டூபியாவின் பூ வெள்ளையும் இளம்பச்சையும் கலந்தது. இப்படி வெளிர் ஊதாப் பூவும் கருத்த ஊதாக் குழலும் அதில் வராது. காய்த்த பிறகு இன்னொரு முறை உறுதி செய்துகொள்ளலாம். உங்கள் மரத்தின் காய் உருண்டையாக ஒன்றரை செ.மீ. அளவில் நிற்கும். டூபியாவின் காய் நீள்வட்டம், அதைப் போல இரு மடங்கு பெரியது. உங்கள் மரத்தின் காய் பழுத்ததும் மஞ்சளாகி, இலையெல்லாம் கொட்டிய பிறகும் கொத்தாகத் தொங்கிக்கொண்டே இருக்கும்.

ஓர் எச்சரிக்கை. இதன் பழம் நச்சு. மரத்துக்கு மரம் நச்சின் அளவு மாறும், ஆனால் எல்லாப் பாகத்திலும் பழத்தில்தான் மிகுதி. பறவைகள் தின்கின்றன, அவற்றுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. அதைப் பார்த்து நமக்கும் ஆகாது என்று எண்ணக் கூடாது. மனிதர், நாய், பன்றி எல்லோருக்கும் ஆபத்து. குழந்தைகள் மணி மணியாக இருக்கிறது என்று பொறுக்குவார்கள். கொட்டையின் நடுவில் இயல்பாகவே துளை இருப்பதால் மணியாகக் கோப்பதும் உண்டு. கீழே விழுவதை அன்றன்றே கூட்டி அள்ளிவிடுங்கள்.

நிழல்தேடி:

நான் முதலில் உறுதியாகச் சொன்னது தவறு. ஒப்புக்கொள்கிறேன். நேற்று என் வீட்டு வாசல் மரத்தின் அடியில் கிடந்த இலையை எடுத்து, மொட்டு இருக்கும் இடத்திலிருந்து விரித்துப் பார்த்தேன். ஒருமடி, கோணல் அடி, நுனிச் சிற்றிலை இல்லை. என்னுடையது வேம்புதான். ஆனால் அதை இன்றுதான் பார்த்துத் தெரிந்துகொண்டேன், இத்தனை நாள் கேட்டுத்தான் தெரிந்துவைத்திருந்தேன்.

வேலியோரம் (பல மாதங்களுக்குப் பிறகு):

எழுதக் கை நடுங்குகிறது. அகக்காழ் அவர்கள் சொன்னபடி தினமும் கூட்டினேன். இரண்டு நாள் வெளியூர் போயிருந்தேன், அந்த இரண்டு நாளும் கூட்ட ஆளில்லை. திரும்பி வந்த அன்று மாலை எங்கள் நாய் வாயில் எச்சில் ஒழுகப் படுத்திருந்தது. வாந்தி எடுத்திருந்தது, வாந்தியில் மஞ்சள் தோலும் இரண்டு கொட்டைகளும். எழுந்து நிற்க முயன்றபோது பின்னங்கால்கள் தள்ளாடின. மரத்தடியில் கிடந்த பழம் நாலைந்தை ஒரு பையில் போட்டுக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினேன். பழத்தைக் காட்டி மரத்தின் பெயரைச் சொன்னதும் அவர் வேறு எதையும் தேடாமல் நேராக அதற்குரிய சிகிச்சையைத் தொடங்கினார். இரண்டு நாள் அங்கேயே வைத்திருந்தார்கள். இன்று வீட்டுக்கு வந்துவிட்டது. தண்ணீர் குடிக்கிறது.

இந்த மரத்தின் பெயர் எனக்குத் தெரியாமல் போயிருந்தால் அன்று என்ன சொல்லியிருப்பேன்? வேப்பம்பழம் தின்றது என்றுதான் சொல்லியிருப்பேன்.

இலைநரம்பு:

பிழைத்துக்கொண்டதே, அதுவே பெரிய ஆறுதல். பழத்தைக் கையோடு எடுத்துப் போனது மிகச் சரி. இதைப் படிக்கும் மற்றவர்களும் நினைவில் வையுங்கள். பெயர் தெரியாவிட்டாலும் தின்றதையும் ஓர் இலையையும் எடுத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள். வீட்டு வைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தாதீர்கள், அறிகுறிகள் சில மணி நேரம் கழித்துத்தான் தெரியவும் கூடும்.

மண்புழு:

நாய் தேறியதில் மகிழ்ச்சி. மரத்தை வெட்டும் முன் கொஞ்சம் யோசியுங்கள் ஐயா. பழம்தானே சிக்கல்? பூக்கொத்துகளைப் பூக்கும்போதே கத்தரித்துவிட்டால் காய் வராது. நிழல் நிற்கும், பறவைகளுக்கும் இடம் இருக்கும்.

அகக்காழ்:

மரத்தைக் காக்க நினைப்பவர்கள் பக்கம்தான் நானும் நிற்பேன், ஆனால் இங்கே எனக்கு வேறு எண்ணம். ஐந்தாண்டு மரத்தில் கைக்கு எட்டும் கொத்துகளை நறுக்கலாம். பத்தாண்டு கழித்து முப்பதடி உயரத்தில் யார் நறுக்குவது? இதன் கிளை எளிதில் முறியும். சுவரிலிருந்து எட்டடி என்பது இந்த மரத்துக்குப் போதாத இடம். அதோடு, இது பூர்வீகமாக இல்லாத பல நாடுகளில் பறவைகள் வழியாகப் பரவி, ஆற்றங்கரைகளில் மற்றச் செடிகளை நெருக்கும் களையாகிவிட்டது. உங்கள் பகுதியில் இது எந்த நிலையில் இருக்கிறது என்று வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெட்டுவதற்கு அனுமதி வேண்டுமா என்பதையும் அங்கேயே கேட்டுவிடலாம்.

அகன்ற வெளியில், குழந்தைகளும் நாயும் நடமாடாத இடத்தில் இதே மரம் நின்றிருந்தால் விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். உங்கள் கொல்லைக்கு இது ஏற்றதில்லை. எடுத்துவிட்டு வேம்பு வையுங்கள். ஒன்று மட்டும், புதுக் கொட்டையாகப் பார்த்து உடனே விதையுங்கள். வேப்ப விதையின் முளைப்புத் திறன் சில வாரங்களில் போய்விடும், எடுத்து வைத்துப் பிறகு போட்டால் வராது.

நிழல்தேடி:

கொட்டை நான் தருகிறேன். என் மரம் அடுத்த முறை பழுத்ததும் சொல்கிறேன். ஒருமடி இலை, சரிபார்த்த மரம்.

வேலியோரம்:

கேட்டுவிட்டேன், இங்கே தடை ஏதும் இல்லை. போன வாரம் எடுத்தாயிற்று. மண்புழு அவர்கள் வருந்தக் கூடாது, நான்கு நாள் யோசித்துத்தான் செய்தேன். கடைசியாக இருந்த பழங்களில் ஒன்றைக் கையுறை போட்டுக்கொண்டு உடைத்துப் பார்த்தேன். எலும்பு போலக் கெட்டியான கொட்டை, மேலே ஐந்து வரிப்பள்ளம். குறுக்கே அறுத்தால் ஐந்து அறைகள் நட்சத்திரம் போல. நான்கில் விதை இருந்தது, ஒன்று காலி.

இப்போது அடிக்கட்டையைச் சுற்றித் துளிர்கள் கிளம்புகின்றன. சற்றுத் தள்ளி, வேரிலிருந்தும் ஒன்று. என்ன செய்வது?

அகக்காழ்:

எதிர்பார்த்ததுதான், இது விட்டுக்கொடுக்காத மரம். வாரத்துக்கு ஒரு முறை, துளிர் விரல் நீளம் ஆகும் முன்பே அடியோடு கிள்ளிவிடுங்கள். இலை விரிய விட்டால் வேருக்கு மறுபடியும் உணவு போகும். ஒரு பருவம் விடாமல் செய்தால் வேர் சோர்ந்துவிடும். பழைய கொட்டைகளும் மண்ணில் இருக்கும், கன்றுகள் கூட்டமாக வந்தால் சிறிதாக இருக்கும்போதே பிடுங்குங்கள்.

வேலியோரம்:

இன்று காலை ஏழு துளிர்கள் கிள்ளினேன். சுவரோரம் இரண்டு கன்றுகள், ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு. குனிந்து இலையின் அடியில் மொட்டைப் பார்த்துவிட்டுத்தான் பிடுங்கினேன்.